சர்க்கார் மருமகளும் வெள்ளைக் கார்டும்

சூரியநெல்லி
9 ஜூன் 2024

என் தங்க மருமகள் யோகப்பிரியா டீச்சருக்கு, உன் ஒரே தாய்மாமன் செல்லத்துரை எழுதுவது.

இப்போது சொல்லப்போகும் கதையை இந்த மலையில் ஒருவரும் நம்பமாட்டார்கள். உன் அத்தை சின்னத்தாயே நம்பவில்லை. போனில் சொன்னால் நடுவில் சிரித்துக் கெடுத்துவிடுவாய் என்றுதான் கடிதம்.

போன வாரம் ரேஷன் கடையில் எனக்கு முன்னால் ஓர் ஆனை நின்றது. சுவரை இடிக்க வந்த ஆனை இல்லை, முறையாக வரிசையில் நின்ற ஆனை. கடைக்காரர் சுவக்கீன் அதற்கு ஒரு மூட்டை அரிசி போட்டுவிட்டு என்னிடம், "அண்ணாச்சி, உங்க ரோஸ் கார்டு வெள்ளையாப் போச்சு. இனி ஓசி அரிசி கெடையாது. கொஞ்சூண்டு தாரேன், அதுக்கும் காசு" என்றார். ஆனை இரக்கப்பட்டு என் தோளில் தட்டியது.

கவலைப்படாதே. நான் இப்போது பஸ் ஏறாமல், வீசுகிற காற்றிலேயே மாட்டுப்பட்டி அணை வரை பறந்து திரும்பும் அளவுக்கு லேசாகிவிட்டேன்.

அந்தக் கடைக்குப் போனாலே உன் ஞாபகம்தான். சின்னப்பிள்ளையில் அரிசி மூட்டைமேல் ஏறி உட்கார்ந்து, "மாமா, நம்மள எப்பக் கூப்பிடுவாக?" என்று ஊருக்கே கேட்கும்படி கத்துவாய். அன்றைய சிவப்புக் குத்தரிசி வேகாமல் அடம்பிடிக்கும். அது வேகும்வரை உனக்குக் கதை சொல்லிச் சொல்லியே நான் பொய்க்காரன் ஆனேன்.

உன் மாமன்,
செல்லத்துரை

கொழிஞ்சாம்பாறை
20 ஜூன் 2024

அன்புள்ள மாமாவுக்கு,

ஆனையை விடுங்கள். சுவக்கீன் அண்ணனுக்குப் போன் போட்டேன். "ஆபீசரு கேக்கவே இல்லம்மா. கார்டு புதுக்குற எடத்துல உங்க மாமாவேதான், 'எம் மருமக சர்க்கார் டீச்சரு, பேருக்கு நேரா கொட்டை எழுத்துல எழுதுங்க'ன்னு நெஞ்ச நிமித்திக்கிட்டு நின்னாரு" என்றார்.

மாமா, வீட்டில் ஒருவர் சர்க்கார் சம்பளம் வாங்கினால் அந்த வீட்டுக்கே ரோஸ் கார்டு கிடையாது. பெருமை பேசி அரிசியைத் தொலைத்தது உலகத்திலேயே நீங்கள் ஒருவர்தான்.

அத்தைக்கும் இப்போது தேயிலைத் தோட்டத்தில் தினமும் வேலை இல்லை. நான் பணம் அனுப்பினால் "கல்யாணத்துக்கு வை" என்று திருப்பி அனுப்புகிறீர்கள். பள்ளியில் மத்தியானம் பிள்ளைகளுக்குச் சோறு போட்டுவிட்டு நானும் உட்காருகிறேன், எனக்கு இறங்கவில்லை. நான் தங்கியிருக்கும் வீட்டுக்கார அக்கா, "ஏனுங்க டீச்சர், ஊட்டு நெனப்புங்களா?" என்று கேட்கிறார்.

என் பெயரை அந்தக் கார்டிலிருந்து எடுத்துவிடுங்கள். நான் இங்கே தனிக் கார்டு வாங்கிக்கொள்கிறேன்.

உங்கள்
யோகா

சூரியநெல்லி
1 ஜூலை 2024

சர்க்கார் டீச்சர் சமூகத்துக்கு,

பெயரை எடுப்பதா! நாம் இருக்கும் இந்த லயத்து வீடு தோட்டக் கம்பெனியுடையது. தகரக்கூரை கம்பெனியுடையது. கூரைமேல் பெய்கிற மழையும் கம்பெனியுடையதாகத்தான் இருக்கும். நாம் ஒரு குடும்பம் என்று சொல்ல நம்மிடம் இருப்பது அந்தக் கார்டு ஒன்றுதான். உன் அம்மா போனபின் உன்னை அதில் சேர்க்க நான் சப்ளை ஆபீசுக்கு நடந்த நடையில் ரோடு பள்ளமாகிவிட்டது. இன்றும் ஜீப்புகள் அதில் விழுந்துதான் எழுகின்றன.

அரிசிக்காக மருமகளை வெட்டியவன் என்று எனக்குப் பெயர் வேண்டாம். வயிறு என்னுடையது, அதை நான் சமாதானப்படுத்திக்கொள்கிறேன்.

கோபத்துடன்,
உன் மாமன்

கொழிஞ்சாம்பாறை
12 ஜூலை 2024

அன்புள்ள மாமாவுக்கு,

கார்டுக்குத் தலைவி அத்தைதான், நீங்கள் இல்லை. என் பெயரை எடுக்க ஒப்புதல் கொடுக்கச் சொல்லி அத்தைக்குத் தாள் அனுப்பிவிட்டேன். திட்டுவதானால் என்னைத் திட்டுங்கள், அத்தையை வேண்டாம்.

சாப்பிட்டீர்களா என்று போனில் கேட்டால் பதிலுக்குக் கதை சொல்கிறீர்கள் மாமா. இன்னும் எத்தனை நாளைக்கு நான் சிரிப்பது?

யோகா

சூரியநெல்லி
4 ஆகஸ்ட் 2024

மருமகளே,

உன் அத்தை ராஜத்துரோகம் செய்துவிட்டாள். ஆபீசுக்கு அவள் என்னையும் இழுத்துக்கொண்டு புறப்பட்டபோது பேண்டு வாத்தியம் முழங்கியது. கொழுந்து எடுப்பவர்கள் எல்லாம் கூடையை வீசிவிட்டுப் பின்னால் வந்தார்கள். ஆபீசர் அழுத கண்ணீரில் மேசையே மிதந்துபோனது. மிதக்கிற மேசையைத் துரத்திப் பிடித்துத்தான் உன் பெயரை எடுத்தார்கள். அப்புறம் அவர் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "இனி வீட்ல எத்தனை பேரு?" என்று என்னைக் கேட்டார். எனக்குப் பேச்சு வரவில்லை. உன் அத்தைதான், "ரெண்டு பேரு சார்" என்றாள்.

ரோஸ் கார்டுக்கு மனு கொடுத்தாயிற்று. வந்துவிடும் என்கிறார் சுவக்கீன். அதுவரைக்கும் நீ அனுப்பும் பணத்தை அத்தை வாங்கிக்கொள்வாளாம். தலைவி சொன்னால் சரிதான்.

ஓணம் லீவுக்கு வந்துவிடு. கார்டைக் கேட்டுச் சோறு போடும் பழக்கம் இந்த வீட்டில் இல்லை.

பேண்டு வாத்தியம் பொய். கண்ணீர் பொய். அந்த ஆபீசர் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. இந்தச் செல்லத்துரை ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல முடியாமல் நின்றான் என்றால் ஊரில் யாரும் நம்பமாட்டார்கள். அது மட்டும் நிஜம்.

உன் மாமன்,
செல்லத்துரை