கை தூக்க மறந்தவர்

ஆகஸ்ட் 18, ஞாயிறு

டிவியில் விவாதம். நாட்டின் பெரிய விஷயங்களைப் பாராளுமன்றம் முடிவு செய்வதா, மக்களிடமே நேரடியாக ஓட்டுக்கு விடுவதா என்று. என் வீட்டுக்காரர் சோற்றில் கையை வைத்துக்கொண்டு டிவியோடு சண்டை. மக்களைத்தான் கேட்க வேண்டுமாம். ஜெயித்துப் போனவர்களுக்குத் தலைக்கனம் ஏறிவிடுகிறதாம். அதை ஏன் என்னைப் பார்த்துச் சொல்ல வேண்டும்? நான் வெறும் வாய்க்கால் சங்கத் தலைவி.

ரசம் ஆறிப்போனது.

ஆகஸ்ட் 21

ஆற்றில் தண்ணீர் குறைவு. சங்கக் குழு கூடி, முதலில் தண்ணீர் பாயும் தலைமடைக்கும் கடைசியில் இருக்கும் கடைமடைக்கும் முறை வைத்து விடுவதென்று முடிவெடுத்தோம். எங்கள் வயல் கடைமடை. நாற்று விட்டாயிற்று. இவர் சந்தோஷப்படுவார் என்று பார்த்தால், டீக்கடையில் நின்று, "ஏழு பேர் உக்காந்து ஊருக்கே முடிவு பண்ணிடுவீங்களா? எல்லாரையும் கேளு ஜூலி" என்கிறார். தலைமடை நாகநாதன் கை தட்டினார். தட்ட மாட்டாரா பின்னே!

ஆகஸ்ட் 25, ஞாயிறு

வீம்புக்கு நானும் சரி என்றேன். சர்ச்சில் பூசை முடிந்து வந்ததும் களத்துமேட்டில் கை தூக்கும் வாக்கெடுப்பு. தலைமடையில்தான் ஆள் அதிகம். முறை வேண்டாம், பாய்கிறபடி பாயட்டும் என்றாகிவிட்டது. கைகளை எண்ண இவரே முன்வந்தார். எண்ணுகிற மும்முரத்தில் தன் கையைத் தூக்க மறந்துவிட்டார்.

அட ஆண்டவரே.

ஆகஸ்ட் 31

நாற்றங்கால் வெடித்துவிட்டது. பக்கத்து வயல் மேகலா அழுதே விட்டாள். "அக்கா, ஒங்களத் தலைவின்னு எதுக்கு உக்கார வெச்சோம்?" என்று கேட்டாள். இந்த நாற்றும் போனால் இந்தப் போகமே போச்சு.

இவர் தானாகவே காபி போட்டுக் கொடுத்தார். அப்போதே சந்தேகப்பட்டேன். குழு முடிவு என்று சொல்லி மாற்றிவிட முடியாதா என்றார். மக்கள் தீர்ப்பு என்னாச்சுங்க என்றேன்.

"மக்களுக்கு என்ன தெரியும்?"

செப்டம்பர் 1

குழு மறுபடி கூடியது. முறைதான் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டோம். நானே போய்த் தலைமடை மதகின் ஷட்டரை இறக்கினேன். நாகநாதன் வந்து நின்றார்.

"ஊர் சொன்னத மீறுறீங்க. தேர்தல்ல பாத்துக்கறோம்மா."

"பாத்துக்குங்க. அதிகம் பேர் கை தூக்கிட்டா அடுத்தவன் நாத்து காயணுமா?"

ஷட்டரைப் பூட்டிச் சாவியை முந்தானையில் முடிந்துகொண்டேன்.

செப்டம்பர் 4

தண்ணீர் வந்தது. மேகலா வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

ஜனவரி 12, ஞாயிறு

கதிர் சாய்ந்து நிற்கிறது, அடுத்த வாரம் அறுப்பு. தலைமடையிலும் விளைச்சலுக்குக் குறைவில்லை.

இன்று சங்கத் தேர்தல், வாக்குச் சீட்டுப் போட்டு. நாகநாதன் ஜெயித்தார். தலைமடையிலேயே எனக்கு இத்தனை பேர் போடுவார்கள் என்று நான் நினைக்கவில்லை. ஒரே ஓட்டில்தான் தோற்றேன்.

எண்ணியவர் இவர்தான். நீங்க போட்டீங்களா என்று கேட்டேன்.

காபி போட எழுந்து போய்விட்டார்.