சன்னலோரத்து நாற்காலி

அன்புள்ள வினிஃப்ரெட்,

நீயும் உன் அம்மாவும் நலந்தானே? அவருடைய முட்டிவலி குறைந்ததா?

பேச ஆளில்லாத ஊருக்கு வரமாட்டேன் என்றாயே, அதனால் லட்லோ நகரத்தைச் சுற்றியுள்ள கிராமங்களை விடுமுறைதோறும் அலசுகிறேன். படத்தில் பார்த்து நீ ஆசைப்பட்ட ஊர் அழகுதான். ஆனால் பாதி வீடு, விடுமுறைக்கு மட்டும் வந்துபோகும் லண்டன்காரர்களுடையது. கதவு தட்டினால் திறக்க ஆளில்லை.

நேற்று ஆஷ்கோம்ப் கிராமத்துக்குப் போனேன். மழைக்கு ஒதுங்கி, ஊரார் கூடிக் குடிக்கும் பப்பில் கணப்பருகே ஒரு நாற்காலியில் உட்கார்ந்தேன். பேச்சு சட்டென்று நின்றது. நாயோடு உள்ளே வந்த ஒருவர் என்னையே பார்த்தார். அது பல வருடமாக அவருடைய நாற்காலியாம்! பதறி எழுந்தேன்.

"உக்காருப்பா, நனைஞ்சிருக்கே. ஆனா நாய் உன் கால்மேலதான் படுக்கும். அதுக்கு ஆள் முக்கியமில்ல, நாற்காலிதான்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். பப் நடத்தும் டில்லி, சன்னலோரம் வேறொரு நாற்காலியைப் போட்டாள். "இனிமே இது உங்களோடது. வேற எவனாவது உக்காந்தா நாங்க அவனை முறைக்கிறோம்."

அங்கேயே வீடு பேசிவிட்டேன். என் ரப்பர் பூட்ஸை அனுப்பு. நீ வரும்வரைக்கும் எனக்கு மட்டும் போட்டுக்கொள்ள அந்தச் சின்னத் தேநீர்க் கெண்டியையும் அனுப்பு. இங்குள்ளதில் போட்டால் எப்போதும் இருவருக்கு வந்துவிடுகிறது.

பஸ் வந்துவிட்டது. பப்பில் என் நாற்காலிக்குப் பக்கத்தில் உனக்கும் ஒன்று கேட்டு வாங்கிப் போட்டிருக்கிறேன். சீக்கிரம் வா, அதில் உட்கார வருபவர்களை எத்தனை நாள்தான் நான் ஒருவனே முறைத்துக்கொண்டிருப்பது?

உன் ட்ரெவர்