ஜன்னலில் மாட்டிய சாக்கு

மாசி 2

மண்ணெண்ணெய்க்குக் கேனோடு வரிசையில் நின்றோமே, அதற்கு அடுத்த வருஷம் மகள் செல்விக்கு எலும்பு மஜ்ஜை மாற்றினார்கள். கொடுத்தவன் அவள் தம்பி ராசு. இது அதற்கும் அடுத்த வருஷம். எனக்கு எழுத்துத் தெரியாது. ராசு வாங்கித் தந்த போனிடம் சொன்னால் அது எழுதிக்கொள்கிறது.

காலையில் கடும் பனி. ராகலை ரோடு தெரியவில்லை. செல்விக்கு வறட்டு இருமல். குழாயடிக்குப் போய் வருவதற்குள் இளைப்பு. இரத்த நோய் போய்விட்டது என்றார்கள். இப்போது மூச்சு.

பனிதான் காரணம். ஜன்னலில் சாக்கு மாட்டினேன். கதவிடுக்கில் பழைய சேலை. அடுப்பில் கவ்வாத்து வெட்டிய தேயிலை மிளாறு விறகு, பகல் முழுவதும். லயத்து வரிசை வீடுகளிலேயே எங்கள் காம்பராதான் சூடு.

மாசி 5

இருமல் கூடுதல். பக்கத்துக் காம்பரா கருப்பாயி எட்டிப் பார்த்தாள்.

"என்னண்ணே, உள்ளுக்குப் புகையில பன்னி எறச்சி வாட்டுறீங்களா?"

என் சம்சாரம் மூக்காயிக்குக் கோபம். "நோயாளி இருக்க வீட்டுல பேசுற பேச்சாடி இது?"

 செல்விக்கு ஒரு வார்த்தை பேசவும் மூச்சு போதவில்லை. இன்னும் இரண்டு கட்டு மிளாறு கொண்டுவந்தேன்.

மாசி 9

கொழும்பு கிளினிக். செல்வி முகமூடியோடு பஸ்ஸில். மூச்சை அளக்கும் குழாயில் ஊதச் சொன்னார்கள். போன தடவையைவிடக் குறைவு. டாக்டர் சிங்களவர், தமிழ் பேசுவார்.

"தம்பி குடுத்த மஜ்ஜை, அக்கா நுரையீரலை வேற ஆள்னு நெனச்சு அடிக்குது. உள்ளுக்குச் சின்னக் குழாய் எல்லாம் சுருங்குது. சுருங்கினது திரும்ப வராது. மிச்சத்தைக் காப்பாத்தணும்."

"பனிங்க டாக்டர்" என்றேன்.

"வீட்டுல என்ன அடுப்பு?"

சொன்னேன். சாக்கையும் சொன்னேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"ஐயா, இந்த மூச்சு வருத்தம் புகையால வரல்ல. ஆனா மிச்சம் இருக்கிறதைப் புகைதான் தின்னும்."

உறிஞ்சுகிற மருந்து ஒன்று கூடுதல். அடுத்த மாதம் மறுபடி ஊத வேண்டும். இன்னும் குறைந்தால் ஆக்சிஜன் சிலிண்டரோடுதான் இருப்பு. பஸ்ஸில் அவள் முகத்தை நான் பார்க்கவில்லை.

மாசி 10

சாக்கைக் கழற்றினேன். அடுப்பை இடித்து, வெளியே பின்பக்கம் தகரக் கூரை போட்டுப் புதிதாகக் கட்டினேன். தூறல். மூக்காயி ஒரு கையில் குடை, ஒரு கையில் அகப்பை.

"கல்யாணம் கட்டி வந்தப்ப தனி குசினி கேட்டேன். இப்பதான் மனசு வந்திருக்கு மகராசனுக்கு."

செல்வி சிரித்தாள். சிரிப்பில் இருமல். இருமிக்கொண்டே மறுபடி சிரிப்பு.

பங்குனி 11

கிளினிக். ஊதினாள். டாக்டர் இரண்டு தாளையும் சேர்த்து வைத்துப் பார்த்தார். "கூடல்ல. ஆனா குறையவும் இல்ல. நல்லது."

வெளியே பெஞ்சில் ஒரு ஹட்டன்காரர். அவர் மனைவிக்கு மஜ்ஜை மாற்ற நாள் குறித்தாயிற்றாம்.

"உங்க மககூட உள்ளுக்கு இருந்தவங்கல்லாம் எப்பிடிண்ணே இருக்காங்க?"

மஜ்ஜை மாற்றிய வார்டில் நாலு அறை. எல்லா முகமும் எனக்கு அப்படியே இருக்கிறது. முதல் அறை குருநாகல் டீச்சர், காய்ச்சலில் போனார். அடுத்தது மன்னார் அந்தோணி, இதே மூச்சு. அதற்கடுத்து பேருவளை நஸீர், நோயே திரும்பி வந்தது. எல்லாரும் சுகம் என்று சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை.

"ஒரு ஆளு இருக்காங்க தம்பி."

"யாருண்ணே?"

மருந்து கொடுக்கும் ஜன்னலில் நின்றவளைக் காட்டினேன்.

"செல்வி."