கேட்காத மணிக்குக் கையெழுத்து

செப்டம்பர் 9, செவ்வாய்

பிளாகோய் வந்தான். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை எங்கள் தையல் ஆலையின் தீ மணியைச் சோதிக்க வேண்டியவன். வாசல் அறையில், என் நாற்காலியில் உட்கார்ந்து, என் காபியைக் குடித்தான். மாடிப்படியில் கால் வைக்கவில்லை. பதிவேட்டில் "எல்லாம் வேலை செய்கிறது" என்று எழுதி, சாட்சிக் கையெழுத்துக்கு என் பக்கம் தள்ளினான்.

சுவரில் இருக்கும் மணிப் பெட்டியில் ஈஸ்டரிலிருந்து மஞ்சள் விளக்கு எரிகிறது. அது என்ன என்று கேட்டேன்.

"அது சும்மா எரியும் பாட்டி. அலங்காரம்னு வச்சுக்கோ."

நான் நாலாம் வகுப்புதான். மஞ்சளுக்கும் பச்சைக்கும் வித்தியாசம் தெரியும். கையெழுத்துப் போடவில்லை.

செப்டம்பர் 10

ஏன் இவ்வளவு பிடிவாதம் என்று மகன் கேட்டான். அவனுக்குச் சொல்லவில்லை, இங்கே எழுதுகிறேன். 1984, மார்ச் 6, பிற்பகல் ஷிப்டு. பழைய பஞ்சாலை. மணிச் சத்தம் டைரக்டருக்குத் தலைவலி என்று மணிக்குள்ளே பஞ்சை அடைத்தார்கள். அடைத்தது மேஸ்திரி துந்தாரோவ். இடது கையால். நான் பார்த்தேன். தீப்பிடித்தபோது என்னோடு வேலை செய்த கினா மூன்றாம் வரிசையில் நின்றாள். அவளுக்குக் கடைசி வரை மணி கேட்கவே இல்லை. பஞ்சை அடைத்தது "தெரியாத நபர்" என்று அறிக்கையில் எழுதினார்கள். தெரியாத நபராம்! துந்தாரோவ் செத்தபோது ஊரே பின்னால் போனது. நான் ஜன்னலைச் சாத்திவிட்டு அவரைக்காய் உரித்தேன்.

செப்டம்பர் 18, வியாழன்

மேலாளர் கரஜோவ் கூப்பிட்டார். அடுத்த மாதம் தீயணைப்புத் துறை ஆய்வு. மார்ச், ஜூன், செப்டம்பர் - மூன்று சாட்சிக் கட்டமும் காலி. மார்ச்சிலும் ஜூனிலும் பிளாகோய் வரவே இல்லை, ஆனால் அவன் கையெழுத்து மட்டும் இருக்கிறது. மேசையில் மூன்று பேனா வைத்தார். ஒரு நீலம், ஒரு கருப்பு, இன்னொன்று வேறு நீலம். வரிக்கு ஒரு பேனாவாம். அப்போதுதான் வேறு வேறு நாளில் போட்டது மாதிரி இருக்குமாம்.

"மூணு பேனா தேடின நேரத்துல ஒரு தடவை மணியை அடிச்சுக் காட்டியிருக்கலாமே" என்றேன்.

"இந்த வாசல்ல உட்கார ஊர்ல எத்தனை பேர் காத்திருக்காங்க தெரியுமா பாட்டி?"

"உட்காரட்டும். காது இருக்கான்னு பார்த்து எடுங்க."

மேலே மூன்றாம் மாடியில் நாற்பது பெண்கள் தைக்கிறார்கள். என் மருமகள் சினெஷினாவும் அங்கேதான். கீழே வர ஒரே படிக்கட்டு.

செப்டம்பர் 19

மூன்று கட்டத்திலும் எழுதிவிட்டேன். ஒரே பேனா. "மணி அடிக்கவில்லை. நான் கேட்கவில்லை. நெதியல்கா."

பதிவேட்டின் பக்கங்களுக்கெல்லாம் எண் உண்டு. எல்லாவற்றையும் ஒரே நூலில் கோர்த்து, முடிச்சின் மேல் காகிதம் ஒட்டி முத்திரை குத்தியிருக்கிறது. ஒரு தாளைக் கிழித்தாலும் காட்டிக்கொடுத்துவிடும். கரஜோவ் புத்தகத்தை இரண்டு தடவை திருப்பிப் பார்த்தார். முடிச்சை நகத்தால் தடவினார். பிறகு பிளாகோய்க்குப் போன் போட்டார்.

செப்டம்பர் 23, செவ்வாய்

நிஜமான சோதனை. பிளாகோய் நீளக் கம்பு நுனியில் புகை டப்பாவை மாட்டிக்கொண்டு வந்தான். கூரையில் புகையைக் கண்டுபிடிக்கும் வெள்ளைக் குமிழ்கள் மொத்தம் இருபத்திரண்டு. ஒவ்வொன்றின் கீழும் நான் நின்றேன். முட்டி வலித்தால் வலிக்கட்டும். பெட்டிக்குள் பேட்டரி ரொட்டி மாவு மாதிரி உப்பிக் கிடந்தது. மூன்றாம் மாடி மணிக்குக் கம்பியே இல்லை.

அங்கே சமையலறைக் குமிழைத் தேடினோம். அதன் மேல் ஒரு தயிர்க் கிண்ணம், கவிழ்த்து, டேப் சுற்றி ஒட்டியிருந்தது.

செப்டம்பரில் குளிர்காலத்துக்காகக் குடைமிளகாய் சுடாத பெண் இந்த ஊரில் உண்டா? போன வருஷம் சுட்ட புகைக்குக் கீழ்மாடிகளில் மணி அடித்து வேலை நின்றதாம். அதிலிருந்து கிண்ணம். யார் வைத்தது என்று கேட்டேன். எல்லோரும் தையல் மெஷினையே பார்த்தார்கள். சினெஷினா மட்டும் என்னைப் பார்த்தாள்.

அந்த மிளகாய் எட்டு ஜாடி என் வீட்டு அலமாரியில் இருக்கிறது. நானும் தின்றேனே.

"இதையும் எழுதுவியா பாட்டி?" பிளாகோய் சிரித்தான். அந்தச் சிரிப்பை மறக்க மாட்டேன்.

செப்டம்பர் 24

எழுதினேன். "மூன்றாம் மாடி, சமையலறை, தயிர்க் கிண்ணம். வைத்தது என் மருமகள் சினெஷினா. சுட்டதைத் தின்றவர்களில் நானும் ஒருத்தி."

பேர் போடாமல் விட்டிருக்கலாம். விட்டால்? மறுபடியும் "தெரியாத நபர்"தானே? அதனால் பேரோடு எழுதினேன்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்த சினெஷினா கோட்டைக்கூடக் கழற்றவில்லை. "இருபது வருஷம் உங்களுக்குச் சோறு போட்டேன் அத்தை. என்னைக் கொண்டுபோய்ப் புத்தகத்துல எழுதிட்டீங்க. நீங்க மனுஷியில்ல, கல்லு."

கல்லு. எழுதி வைக்கிறேன்.

செப்டம்பர் 29

ஆலையில் ஒருத்தியும் எனக்குக் காலை வணக்கம் சொல்வதில்லை. வேண்டாம் போங்கள்.

அக்டோபர் 6

புது பேட்டரி. மூன்றாம் மாடிக்குப் புதுக் கம்பி. விளக்கு பச்சை.

அக்டோபர் 14

ஆய்வுக்கு ஒரு பெண் வந்தாள். என் வரிகளை விரல் வைத்து மெதுவாகப் படித்தாள். இந்த நெதியல்கா யார் என்று கேட்டாள். நான்தான் என்றேன். கரஜோவை அறைக்குள் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினாள். ஒரு மணி நேரம்!

அக்டோபர் 31

நாளையிலிருந்து எனக்கு ஓய்வாம். வாசலுக்குக் கரஜோவின் சித்தப்பா வருகிறார். பதிவேட்டைக் கரஜோவ் சினெஷினாவிடம் கொடுத்திருக்கிறார். ஏன் என்று எனக்குப் புரியாதா? அவளுக்கு என் மேல் கோபம். நான் செய்ததற்கு நேர் எதிராகச் செய்வாள், நீட்டிய இடத்தில் கையெழுத்துப் போடுவாள் என்று கணக்கு. சாவியை மேசையில் வைத்தேன். நன்றி சொல்லவில்லை. அவரும் சொல்லவில்லை.

டிசம்பர் 9, செவ்வாய்

சினெஷினா இன்று தாமதமாக வந்தாள். என்னிடம் அல்ல, என் மகனிடம் சொன்னாள். பிளாகோய் முதல் மாடியோடு முடித்துக்கொண்டு, மீதியை அடுத்த தடவை பார்க்கலாம், இப்போது கையெழுத்தைப் போடு என்றானாம். இவள் பதிவேட்டை மடியில் வைத்து அதன் மேல் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாளாம். கரஜோவ் வந்து நின்றபோதும் எழுந்திருக்கவில்லையாம்.

இரண்டரை மாதத்துக்கு அப்புறம் நானாக அவளிடம் வாயைத் திறந்தேன். "இருபத்திரண்டு குமிழுமா?"

"இருபத்திரண்டும்" என்றாள், அடுப்பைப் பார்த்தபடியே. "எங்க மாடி மணி காதைக் கிழிக்குது அத்தை."

கல் என்று சொன்னதை நான் மறக்கவில்லை. பேர் எழுதியதை அவளும் மறக்க மாட்டாள். என் தட்டில் முதலில் சூப் ஊற்றினாள்.