கடலில்லாத நாட்டில் மூழ்கிய அண்ணாவுக்கு

என் ஆசை அண்ணா,

இன்று மீன் வாங்கினேன். இத்தாலியில் இந்தப் பலெர்மோவுக்கு வந்த நாளிலிருந்து வேலை வீட்டு எசமானி சின்யோராவுக்கு மத்தி கழுவிப் பொரித்துக் கொடுத்திருக்கிறேனே தவிர, ஒரு துண்டு வாயில் வைத்ததில்லை. "என்ரை பிள்ளையைத் திண்ட மீனைச் சட்டியிலை போடமாட்டன்" என்று அம்மா சாகும்வரை சொன்னார். யாழ்ப்பாணத்தில் மீன் வாசமில்லாத வீடு ஒன்று இருந்ததென்றால் அது எங்கள் வீடுதான்.

உங்களைக் களவாக ஆபிரிக்கா வழியாக இத்தாலிக்குக் கூட்டிவருவதாக ஏற்றிய ஏஜென்சிக்காரன், நீங்கள் கடலில் மூழ்கியதாகத்தானே சொன்னான்? மாலி நாட்டில் கடலில் குளிக்கப் போனீர்களாம், அலை இழுத்ததாம், உடல் கிடைக்கவில்லையாம். மாலி எங்கே இருக்கிறதென்று எங்களில் யாருக்குத் தெரியும்? நம்பினோம்.

போன கிழமை மகள் பள்ளிக்கூட வேலைக்காக, விண்வெளியிலிருந்து எடுத்த மாலியின் படத்தைக் கணினியில் திறந்தாள். மேல் பாதி முழுக்க மணல். கீழே பச்சை. நைஜர் ஆறு பாலைவனத்தின் ஓரம்வரை ஏறிப் போய், வளைந்து தெற்கே திரும்புகிறது. ஒரு காலத்தில் பொன்னால் பேர்பெற்ற பேரரசாம். ஒட்டகங்களில் உப்பு வந்து தங்கம் போன பாதைகளாம். பிறகு அதே மணலில் உங்களைப் போன்றவர்களை ஏற்றி இறக்கினார்கள். நான் கடற்கரையைக் காட்டச் சொன்னேன்.

"அம்மா, இந்த நாட்டுக்குக் கடலே இல்லை," என்றாள்.

அப்படியானால் உங்களை எங்கே விட்டான், அண்ணா? காய்ச்சலா? வழியில் இறக்கிவிட்டுப் போனானா? ஒரு வாய் தண்ணீர் கேட்டீர்களா? நானோ ஆண்டுதோறும் உங்கள் திதிக்குக் கடலில் பூப் போட்டுக்கொண்டிருந்தேன்.

அந்த ஏஜென்சிக்காரன் இப்போது பக்கத்து ஊரான பகேரியாவில் பெரிய மனிதன். இங்குள்ள நம்மவர் கோயிலில் முதல் மாலை அவனுக்குத்தான். நான் மீன் சாப்பிடாத காரணத்தை ஒருமுறை கேட்டுவிட்டு, "கடல் கொண்டுபோனதை ஆர் தங்கச்சி தடுக்கிறது?" என்று கண்ணைத் துடைத்தான். அவன் நல்லாயிருக்கக் கூடாது.

நாளைக்குச் சாப்பிட அவனைக் குடும்பத்தோடு கூப்பிட்டிருக்கிறேன், கோயில் சபைக்காரரையும்தான். கட்டாயம் வருவதாகச் சொன்னான். மீன்குழம்பு வைப்பேன். அந்த மாலிப் படத்தைப் பெரிதாக எடுத்துச் சுவரில் ஒட்டியிருக்கிறேன். முதல் கவளத்தை அவன் கையில் எடுக்கும்போது, எல்லோர் முன்னாலும் அந்தக் கடலைத் தொட்டுக் காட்டச் சொல்வேன். உங்களைப் போட்ட இடத்தைச் சொல்லாமல் அவன் என் வாசலைத் தாண்டமாட்டான். அம்மா மேல் ஆணை.

அதற்குப் பிறகு நானும் உட்கார்ந்து மீன் சாப்பிடுவேன், அண்ணா.

ஒரேத்தோ வீதி வீட்டிலிருந்து,
உங்கள் தங்கச்சி