பயிற்சிக்குப் போன இரண்டு பேர்

அன்புள்ள அய்யா,

நேற்று எங்கள் அலுவலகத்துக்குப் பாலிடெக்னிக்கில் படிக்கிற பெண் ஒருத்தி ஒரு மாதப் பயிற்சிக்கு வந்தாள். கொண்டுவந்த கடிதத்தை வாங்கிப் படித்துவிட்டு உட்காரச் சொன்னேன். அவள் உட்காராமல் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியே வேப்பமரத்தடியில் ஒருவர் ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் வண்டியின் மேல் உட்கார்ந்திருந்தார். யாரென்று கேட்டேன். அப்பா என்றாள், நான் உங்களை அய்யா என்பது போல. மேடம் எப்படிப்பட்டவர் என்று பார்த்துவிட்டுத்தான் போவேன் என்று சொன்னாராம்.

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. பைலைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டேன். அந்தப் பெண் பயந்துவிட்டாள். ஆனால் அந்த மனிதர் பத்து நிமிடத்தில் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார் அய்யா. நீங்கள் இருபது நாள் உட்கார்ந்திருந்தீர்கள்.

அப்போது எண்பதுகள் தொடங்கியிருந்தன. ப்ளஸ் டூ வந்து கொஞ்ச வருடம்தான் ஆகியிருந்தது. அதில் தொழிற்கல்வி என்று ஒரு பிரிவு. நம் ஊர் சிலமலையிலிருந்து பஸ் ஏறிப் போடிக்குப் போய் அதில் தட்டச்சும் சுருக்கெழுத்தும் படித்த முதல் பெண் நான். நீங்கள் அதற்குச் சம்மதித்ததே ஒரு தப்பான கணிப்பில்தான் என்று பிறகு தெரிந்தது. டைப் மிசினைத் தையல் மிசினுக்குத் தம்பி என்று நினைத்திருந்தீர்கள். கல்யாணத்தின்போது ஒன்று வாங்கிக் கொடுத்தால் வீட்டிலேயே உட்கார்ந்து அடித்துக்கொள்வாள் என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறீர்கள்.

இரண்டாம் வருடம் ஆடி மாதத்தில் அந்தக் கணிப்பு உடைந்தது. ஒவ்வொருவரும் ஒரு மாதம் ஏதாவது ஓர் இடத்தில் வேலை பார்த்துப் பழக வேண்டும், அங்கே தினமும் கையெழுத்து வாங்கி வந்தால்தான் தேர்ச்சி என்று பள்ளியில் ஒரு நோட்டைக் கொடுத்தார்கள். எனக்கு விழுந்தது போடியில் ஓர் ஏலக்காய்க் கமிஷன் கடை. முழுக்க ஆண்கள். இரண்டு நாள் நீங்கள் காட்டிலேயே கிடந்தீர்கள். மூன்றாம் நாள் சொன்னீர்கள்: "போ. ஆனா நானும் வருவேன். நான் பாட்டுக்கு ஒரு ஓரமா ஒக்காந்துருப்பேன். யாரு சோலிக்கும் போக மாட்டேன்."

இதில் முதல் பாதியைக் காப்பாற்றினீர்கள்.

முதல் நாள் சலவைச் சட்டையும் புதுத் துண்டுமாக, இரண்டு பேருக்கும் சோறு கட்டிய ஒயர்க் கூடையோடு எனக்கு முன்னால் கடைக்குள் நுழைந்தீர்கள். முதலாளி உங்களை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, பயிற்சி யாருக்கு என்று கேட்டார். இரண்டு பேரும்தான் வந்திருக்கிறோம் என்றீர்கள். வாசலை ஒட்டிய பெஞ்சு அன்றிலிருந்து உங்களுடையது.

முதலாளி என் மேசைக்கு அருகே வந்து நின்று கடிதம் சொல்லுவார். அவர் ஓர் அடி கூட நெருங்கினால் பெஞ்சிலிருந்து ஓர் இருமல் வரும். அவர் பின்வாங்குவார். இருமல் வந்த இடத்திலெல்லாம் என் விரல் தவறும். அந்த வாரம் நான் அடித்த கடிதங்களைப் பார்த்தால் உங்களுக்கு எத்தனை தடவை இருமல் வந்தது என்று எண்ணிவிடலாம். ஐந்தாம் நாள் முதலாளி, காட்டில் பாடுபடுகிற சம்சாரிக்கு நெஞ்சுச் சளி போலிருக்கிறது என்று மிளகுக் கசாயம் வரவழைத்துக் கொடுத்தார். மறுக்க வழியில்லாமல் குடித்தீர்கள்.

வீட்டுக்கு வந்ததும் அன்றைக்கு என்ன அடித்தேன் என்று வரி வரியாகச் சொல்ல வேண்டும். ஒரு நாள் கொச்சிக்குப் போகிற கடிதத்தின் கடைசியில் இருந்த 'யுவர்ஸ் ஃபெயித்ஃபுல்லி'க்கு என்ன அர்த்தம் என்று கேட்டீர்கள். உங்கள் விசுவாசமுள்ள என்று அர்த்தம் என்றேன். உங்கள் முகம் மாறிவிட்டது. கொச்சியில் இருக்கிற எவனோ ஒருவனுக்கு நம் வீட்டுப் பெண் எதற்கு விசுவாசமாக இருக்க வேண்டும் என்று அம்மாவிடம் நியாயம் கேட்டீர்கள். மறுநாள் காலையில் முதலாளியிடமே போய் அந்த வரியை எடுக்கச் சொன்னீர்கள். அதற்குக் கீழே கையெழுத்துப் போடுவது நான்தானே என்று அவர் விளக்கினார். "அப்பச் சரி. நீங்க எம்புட்டு வேணும்னாலும் விசுவாசமா இருங்க" என்று சொல்லிவிட்டு பெஞ்சுக்குத் திரும்பினீர்கள்.

ஆனால் மண்வெட்டி பிடித்த கை எத்தனை நாள் சும்மா இருக்கும்? இரண்டாவது வாரம் குடத்தில் தண்ணீர் பிடித்து வைத்தீர்கள். பிறகு சாக்குத் தைத்தீர்கள். பிறகு ஏலக்காயைச் சல்லடையில் போட்டுப் பெரிசு சிறுசு பிரிக்கிற பெண்களோடு உட்கார்ந்து, அவர்கள் குடும்பக் கதை முழுவதையும் தெரிந்துகொண்டீர்கள். மூட்டை அடுக்கும்போது கூடவே நின்று, ஒவ்வொன்றிலும் கையை விட்டுப் பார்த்து முகர்ந்தீர்கள். எனக்குத் தட்டச்சு வந்த வேகத்தைவிட உங்களுக்கு ஏலக்காய் வெரசாக வந்தது.

இருபதாம் நாள் முதலாளி ஜீப்பில் மலைமேல் போடிமெட்டுக்கு ஏறிப் போயிருந்தார். கணக்குப்பிள்ளை பாங்குக்குப் போயிருந்தார். அப்போது போன் அடித்தது. போன் வந்தால் எடுத்துப் பேசிப் பழகு என்று முதலாளி என்னிடம் சொல்லித்தான் இருந்தார். அதுவரை நான் அதைத் தொட்டதில்லை. நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டேன். அது அடித்துக்கொண்டே இருந்தது. நீங்கள் ஒரு தடவை என்னைப் பார்த்தீர்கள். ஒரு தடவை போனைப் பார்த்தீர்கள். எழுந்து வந்து எடுத்துவிட்டீர்கள், தலைகீழாக.

நான் திருப்பிப் பிடிக்கச் சொன்னேன். திருப்பினீர்கள். "ஆரு அது?" என்று, கிணற்று மேட்டில் நின்று அடுத்த காட்டுக்காரரைக் கூப்பிடும் குரலில் கேட்டீர்கள். பேசியவர் விருதுநகர் வியாபாரி. லோடு தயாரா, சரக்கு எப்படி என்று விசாரித்திருக்கிறார்.

"சரக்கு நல்லாத்தான் இருக்கு. ஆனா பின்னாடி செவுத்தோரமா இருக்குற மூட்டைகள மட்டும் வாங்கீராதீக. மெட்டுல இருந்து எறங்கைல மழையில நனஞ்சு போச்சு. கைய விட்டுப் பாத்தேன், சொதசொதன்னு இருக்கு. மத்ததெல்லாம் தங்கம்."

போனை வைத்துவிட்டு, பேசுவதில் ஒன்றும் கஷ்டமில்லை, இதற்கா இப்படிப் பயந்தாய் என்று என்னைக் கேட்டீர்கள்.

சாயங்காலம் முதலாளி வந்து சேர்ந்தபோது விருதுநகரிலிருந்து மறுபடி போன் வந்தது. அவர் முகம் கறுத்ததை நான் பார்த்தேன். நனைந்ததைக் காயவைத்துத் தனியாக விற்பதாகத்தான் அவர் இருந்தாராம். இப்போது வியாபாரி மொத்த லோடையும் நிறுத்திவிட்டார். அவர் கத்திக்கொண்டிருந்தபோது குறுக்கே நீங்கள், "வேணாம்னா சொன்னான்? எங்கூட நல்லா சந்தோசமாத்தான பேசுனான்" என்றீர்கள். அதோடு முடிந்தது. இரண்டு பேரும் நாளையிலிருந்து வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

மறுநாள் பள்ளியில் டீச்சர் என் நோட்டைப் புரட்டினார். பயிற்சி கொடுப்பவர் கையெழுத்துப் போட வேண்டிய கட்டத்தில் இருபது நாளும் ஒரே கையெழுத்து இருந்தது. தினமும் திரும்பி வரும் பஸ்சில், பள்ளிக்கூட ரிப்போர்ட்டில் போடுவது போல நீங்கள் நெஞ்சை நிமிர்த்திப் போட்டது. கடையில் இவர் என்ன வேலை பார்க்கிறார் என்று டீச்சர் கேட்டார். பெஞ்சில் உட்கார்ந்திருப்பார் என்றேன். அவர் நோட்டை மூடிவிட்டார். கடைக்காரர் கையெழுத்து இல்லாமல் இந்த இருபது நாள் செல்லாது, மிச்சம் ஆறு நாளும் போயாக வேண்டும், இல்லையென்றால் தேர்ச்சி கிடையாது என்றார்.

அன்று ராத்திரி நீங்கள் சாப்பிடவில்லை. நான் பெயிலானால் படிப்பை நிறுத்திக் கல்யாணம் பேசிவிடலாம் என்று சித்தப்பா வந்து சொன்னார்.  காலையில் என்னைக் கூட்டிக்கொண்டு கடைக்குப் போனீர்கள். பெஞ்சில் உட்காராமல் முதலாளிக்கு முன்னால் துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றீர்கள்.

"போன எடுத்தது எந்தப்பு. என்ன வேணும்னாலும் பேசுங்க, கேட்டுக்கிறேன். சொன்னது தப்புன்னு மட்டும் சொல்லச் சொல்லாதீக. பிள்ளைய பெயிலாக்கீராதீக."

 முதலாளி நோட்டை வாங்கி, உங்கள் இருபது கையெழுத்துக்கும் பக்கத்தில் இருபது கையெழுத்துப் போட்டார். போட்டுக்கொண்டே, தலையைத் தூக்காமல் சொன்னார்.

"பிள்ள வரட்டும். நீ வராத சம்சாரி. நீ இருந்தா அது மிசினப் பாக்க மாட்டேங்குது. ஒன் மூஞ்சியத்தான் பாத்துக்கிட்டு இருக்கு."

உங்களுக்கு அது எங்கே போய்ப் பட்டது என்று எனக்குத் தெரியும். திரும்பும் பஸ்சில் சிலமலை வருகிறவரை ஜன்னலைப் பார்த்தபடி வந்தீர்கள். இறங்கும்போதுதான் கேட்டீர்கள், அந்த போன் அடித்தால் எடுத்துப் பேசிவிடுவாயா என்று. பேசிவிடுவேன் என்றேன். "மெதுவாப் பேசு தாயி. நான் கத்திப்புட்டேன்" என்றீர்கள்.

அடுத்த நாள் நான் தனியாகக் கடைக்குள் போனேன். நீங்கள் எதிரே டீக்கடையில் பேப்பரை விரித்துப் பிடித்து அதற்கு மேலாகப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். காலையிலிருந்து மாலை வரை பக்கத்தைத் திருப்பவே இல்லை என்று டீக்கடைக்காரர் பிறகு சொன்னார். மறுநாள் பஸ் ஸ்டாண்டோடு நின்றுகொண்டீர்கள். மூன்றாம் நாள் சிலமலையிலேயே என்னைப் பஸ் ஏற்றிவிட்டு, பஸ் கிளம்புவதற்கு முன்பே மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு காட்டைப் பார்த்து நடந்துவிட்டீர்கள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எனக்குக் கோபம் வந்தது. இவ்வளவு சீக்கிரம் விட்டுவிட்டாரே என்று போடி வரும்வரை பொருமிக்கொண்டிருந்தேன்.

அன்றைக்குத்தான் போன் அடித்தது. நானே எடுத்தேன். விருதுநகர் வியாபாரி. நீங்கள் சொன்னபடி மெதுவாகத்தான் பேசினேன். அவருக்குக் கேட்கவில்லை. அன்றைக்கு ஒருவர் எவ்வளவு தெளிவாகப் பேசினார், அவர் எங்கே என்று கேட்டார். காட்டுக்குப் போயிருக்கிறார் என்றேன். அவர் எதையெல்லாம் தங்கம் என்று சொன்னாரோ அதை மட்டும் அனுப்பச் சொல் என்று வைத்துவிட்டார். அதை அப்படியே எழுதி முதலாளியிடம் கொடுத்தேன். இரண்டு தடவை படித்தார். "ஒங்கய்யாட்ட இதச் சொல்லீராத. மறுபடி கெளம்பி வந்துருவாரு" என்றார். சொல்லாமல் இருக்க முடியுமா? சொன்னேன். அப்பவே நான் சொன்னேன்ல, சந்தோசமாத்தான் பேசினான் என்று நீங்கள் தெரு முழுக்கச் சொன்னீர்கள்.

நான் தேறினேன். பரீட்சை எழுதினேன். டைப்பிஸ்ட் வேலை கிடைத்து, ஊர் ஊராக மாற்றலாகி, எத்தனையோ தெரியாத அலுவலகங்களில் தனியாகப் போய் நின்றேன்.

உங்கள் பதினாறாம் நாள் காரியம் முடிந்து உறவுக்காரர்கள் எல்லாம் போன பிறகு, அம்மா ஒன்று சொன்னாள். நான் தனியாகப் பஸ் ஏறிய அந்த நாளில் நீங்கள் கிணற்று மோட்டாரைப் போட்டு மடையைத் திறந்துவிட்டு, போடி ரோட்டைப் பார்த்து நின்றுவிட்டீர்களாம். வரப்பு உடைந்து தண்ணீர் பக்கத்துக் காட்டுக்குப் போய், அன்று காலையில்தான் அந்தக் காட்டுக்காரர் விதைத்திருந்த கொத்தமல்லியை முழுக்க அரித்துக்கொண்டு போய்விட்டதாம். அவர் வந்து தோளைத் தொட்ட பிறகுதான் உங்களுக்குத் தெரிந்ததாம். எலி தோண்டிவிட்டது என்று சொல்லியிருக்கிறீர்கள். அவர் நம்பவில்லையாம். நீங்களே திரும்ப விதைத்துக் கொடுத்தீர்களாம். என்னிடம் சொல்லக் கூடாது என்று அம்மாவிடம் சத்தியம் வாங்கியிருந்தீர்களாம்.

போன வருடம் என் மகள் வேலை கிடைத்துப் புனேவுக்குக் கிளம்பினாள். மதுரை ஸ்டேஷனில் அவளை ஏற்றிவிட்டேன். அங்கேயே நின்றால் அழுதுவிடுவேன், அதைப் பார்த்து அவள் இறங்கினாலும் இறங்கிவிடுவாள் என்று தோன்றியது. ரயில் நகர்வதற்கு முன்பே திரும்பி நடந்தேன். நடந்த வேகத்தில் வழி தவறிப் பார்சல் ஆபீசுக்குள் போய் நின்றேன். மேசையில் எழுதிக்கொண்டிருந்தவர் என்ன வேண்டும் என்று கேட்டார். மகளை அனுப்ப வந்தேன் என்றேன். அவர் தலையைத் தூக்காமலே, "எத்தன கிலோம்மா?" என்றார்.

சிரிக்க வேண்டிய இடம்தான் அய்யா. ஆனால் பின்னால் ரயில் நகரும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. நான் அவர் மேசையைப் பிடித்துக்கொண்டு, அந்தச் சத்தம் முழுசாக அடங்குகிறவரை, திரும்பிப் பார்க்காமல் நின்றேன்.