ஏரிக்கரை ஆயா மரங்கள் ஐந்து

12 ஆகஸ்ட் 2024, திங்கள்

அம்மையார்குப்பம் ஏரிக்கரை, முனீஸ்வரன் கோயில் ஆயா மரங்கள். நோய்ச் சோதனைப் பட்டியலில் எண் 31 முதல் 35. தீப்பெட்டி அளவு பட்டையை வெட்டி, உள்பட்டையைக் குப்பியில் அடைக்க வேண்டும். இருவர் போக வேண்டும் என்பது விதி. எனக்குத் திருத்தணியில் மீட்டிங். எலியாஸ் பாவா மட்டும் போனார். என் சொந்த அக்கா பெபியின் கணவர். நான் சொல்லித்தான் இந்த வேலையில் சேர்ந்தவர். நானும் கூடப் போனதாகப் படிவத்தில் கையெழுத்துப் போட்டேன்.

மாலையில் குப்பிகளைத் திறந்தேன். ஐந்திலும் வலித் தைலம் போல வாடை. இலை மஞ்சளாகும் முன்பே வந்துவிடும் வாடை அது. மஞ்சள் நோய்தான்.

3 செப்டம்பர்

சென்னை ஆய்வுக்கூடமும் உறுதி செய்துவிட்டது. ஐந்திலும் அந்த நோயின் பாக்டீரியா. வெட்டும் பட்டியலில் கையெழுத்திட்டேன். பேனா எடுத்துக் கொடுத்தவர் பாவா.

20 செப்டம்பர், வெள்ளி

வெட்டிவிட்டார்கள். போய்ப் பார்த்தேன். உள்பட்டை வெள்ளை வெளேரென்று இருக்கிறது. வாடையே இல்லை. சுற்றிச் சுற்றித் தேடினேன் — மாதிரிக்குப் பட்டை வெட்டிய தழும்பு ஒன்றிலும் இல்லை!

தறி நெய்யும் சந்திரா அழுதுகொண்டே சொன்னாள்: “உங்காளு கத்தியே வைக்கலீங்களேம்மா. சாமி மரம், வேணாங்கன்னு கேட்டோம். ஆங், சரின்னு டீ குட்சிட்டுப் போயிட்டாரு.”

21 செப்டம்பர்

ஆர்.கே.பேட்டை சாலையோரம் ஒரே ஆயா மரத்தில் ஐந்து தழும்பு. பாவாவே கூட்டிப்போய்க் காட்டினார்.

“சாமி மரத்த கிழிக்க மனசு வரல. இது பச்சையா நின்னுகினு இருந்திச்சி, நோய் இருக்காதுன்னு இதுலயே அஞ்சும் எடுத்தேன்” என்கிறார் பாவா.

“ரிசல்ட் வந்தப்பவாவது சொல்லியிருக்கலாமே?”

“வேல போயிடும்னு பயம்மா.”

பயமாம். கோடாலி விழுகிற வரைக்கும் என் எதிர்லயே உக்காந்துகினு இருந்தாரே! என்ன மனுஷன் இவரு? நம்பினேனே. கண்ணை மூடிக்கொண்டு நம்பினேனே. நோயுள்ள மரம் பட்டியலிலேயே இல்லை. அதில் உட்கார்ந்து நோயைச் சுமந்த பூச்சி எத்தனை மரத்துக்குப் போயிருக்கும்?

22 செப்டம்பர், ஞாயிறு

ஆராதனை முடிந்து பெபி அக்கா கையைப் பிடித்துக்கொண்டாள். “மரந்தானேடி சுந்தரி. மூணு புள்ளைங்கள வெச்சிகினு நான் எங்க போவேன்?”

கையை விடுவித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். ஆபீசில் சொன்னால் என் பொய்க் கையெழுத்தும் வெளியே வரும்.

23 செப்டம்பர்

நடந்ததை மேலதிகாரியிடம் எழுதிக் கொடுத்துவிட்டேன். இருவர் பெயரையும்.

24 செப்டம்பர்

அம்மையார்குப்பம் போய் சந்திராவிடமும் மற்றவர்களிடமும் ஒன்றுவிடாமல் சொன்னேன். ஒவ்வொருவராய் எழுந்து போய்விட்டார்கள். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

30 செப்டம்பர்

பாவாவுக்கும் எனக்கும் பணி இடைநீக்கம். அக்கா போனை எடுப்பதில்லை.

21 அக்டோபர், திங்கள்

விசாரணைக்குப் போனேன். அம்மையார்குப்பத்திலிருந்து ஒரு மனு வந்திருக்கிறது. அறுபத்திரண்டு கையெழுத்து. சாமி மரத்தில் கத்தி வைக்காத எலியாஸ் சாருக்கு மறுபடியும் வேலை தர வேண்டுமாம். வெட்டச் சொன்ன அம்மாவை இனி ஊர்ப்பக்கம் அனுப்பக் கூடாதாம்.

முதல் கையெழுத்து சந்திராவுடையது.